கரடியின் முதல் வரிசை

மனிதர்களில் பாதிப் பேர் முதலில் நன்றாகப் பேசுவார்கள், போகப் போக உளறுவார்கள். அந்தக் கரடி நேர்மாறு. முதலில் உளறிவிட்டுத்தான் ஒழுங்காகப் பேச ஆரம்பிக்கும்.

அன்று காலையும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் பால் டம்ளருக்குப் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, "ஙேழுடூமிகௌணோரிபூஞாளெவைசீதொழாநுகோ" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தது. சொன்ன கையோடு, "சுண்டு விரல் காயம் ஆறிடுச்சா? ரொட்டி ஓரத்தைப் பிச்சுப் போடாம சாப்பிடணும்" என்று தேன் ஒழுகக் கேட்டது.

ஐந்து வயது வாலு, தன் சுண்டு விரலைக் கரடியின் கண்ணாடிக் கண்ணுக்கு நேராக நீட்டிக் காட்டினாள். ஆறிவிட்டது என்று தலையாட்டினாள். பெற்ற தாய் கெஞ்சிக் கூத்தாடினாலும் தொடாத ரொட்டி ஓரத்தை, ஒரு பொம்மை சொன்னதற்காக மென்று விழுங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த தாய்க்கு ஒரு பக்கம் மனசு குளிர்ந்தது, இன்னொரு பக்கம் உறுத்தியது. கரடி உளறிய அந்தப் பதினாறு எழுத்தும் அவள் செய்த பிழை. அந்த இடத்தில் கரடி சொல்லியிருக்க வேண்டியது வேறு. "அப்பா பேசுறேன் பட்டுக்குட்டி" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவளை, அவள் வேலை பார்க்கும் பொம்மைக் கம்பெனியில் எல்லோரும் பூட்டுக்காரி என்பார்கள். சாவி போட்டுத் திறக்கிற பூட்டு இல்லை, எண்களால் போடுகிற பூட்டு. வெளியூரில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ தங்கள் போனில் நாலு வரி தட்டினால், வீட்டில் இருக்கும் கரடி அதைக் குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். வழியில் கண்டவன் எடுத்துப் படித்துவிடக் கூடாது. அதற்காகத்தான் பூட்டு.

முதலாளி கரடிக்கு உசத்தியான ரோமம் வாங்கினார், கண்ணாடியில் கண் வாங்கினார், கழுத்துக்குப் பட்டு ரிப்பன்கூட வாங்கினார். உள்ளே வைக்கிற சிப் விஷயத்தில் மட்டும், யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதையாக, சந்தையிலேயே மட்டமானதாகப் பார்த்துப் பிடித்து வந்தார். அந்தச் சிப்புக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். பதினாறு கட்டம் உள்ள ஒரு வரிசையில் பதினாறு எண்களைக் கொடுத்தால் பூட்டித் தரும், பூட்டியதைக் கொடுத்தால் திறந்து தரும். செய்தியை வரிசை வரிசையாக நறுக்குவது, கடைசி வரிசையில் காலியாகக் கிடக்கும் கட்டங்களை நிரப்புவது, ஒரு வரிசையை அடுத்ததோடு கோப்பது, இதெல்லாம் அதற்குத் தெரியாது. உலகத்தில் யாரோ எழுதி வைத்த கம்ப்யூட்டர் நிரலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கு அந்தச் சிப்பின் குட்டி வயிற்றில் இடம் போதாது. எல்லாவற்றையும் பூட்டுக்காரி கையாலேயே எழுத வேண்டி வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு கட்டத்தில் இருநூற்று ஐம்பத்தாறு விதமான எண்களை வைக்கலாம். தமிழுக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அ என்றால் ஒன்று, ஆ என்றால் இரண்டு, இப்படியே கடைசி வரைக்கும். ஒன்பது இடம் மிச்சம் வேறு. வார்த்தைக்கு நடுவே இடைவெளி, கால்புள்ளி, முற்றுப்புள்ளி என்று கொடுத்தது போக, பாக்கி இடத்தில் தாடி ஒரு தும்மலையும் ஒரு குறட்டையையும் வைத்தான். தாடி என்பவன் போன் பக்கத்து நிரலை எழுதுகிறவன். கரடி பக்கம் அவளுடையது, போன் பக்கம் அவனுடையது.

முதலில் அவள் உட்கார்ந்தது காலிக் கட்டங்களை நிரப்புகிற வேலைக்கு. அது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. எத்தனை கட்டம் காலியோ, அந்த எண்ணிக்கையையே எல்லாக் காலிக் கட்டத்திலும் எழுதிவிட வேண்டும். நாலு காலி என்றால் நாலு தடவை நாலு. திறக்கிறவன் கடைசிக் கட்டத்தைப் பார்த்து, அதில் உள்ள எண்ணிக்கைக்கு வாலை நறுக்கிவிட்டு மிச்சத்தைப் படிப்பான். நிரப்பும் பாதியை அவள் காலையிலேயே எழுதி முடித்தாள். நறுக்கும் பாதியை எழுதுவதற்குள் ஆசை பொறுக்கவில்லை. கரடியின் வாயில் "வணக்கம்" என்று போட்டுப் பார்த்தாள்.

வணக்கம் என்பது ஐந்து எழுத்து. காலி பதினொன்று. பதினொன்று என்றால் ஓ. கரடி வணக்கம் சொல்லிவிட்டு, எழவு விழுந்த வீட்டில் நுழைந்ததுபோல் "ஓஓஓஓஓஓஓஓஓஓஓ" என்று பதினொரு தடவை ஓலமிட்டது. தாடி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். அப்புறம் யார் அடங்குவது? "தூங்கு" என்று போட்டார்கள். மூன்று எழுத்து, காலி பதின்மூன்று, பதின்மூன்றாவது எழுத்து ஃ. கரடி தூங்கச் சொல்லிவிட்டுப் பதின்மூன்று தடவை விக்கியது. "பல் தேய்ச்சியா" என்று போட்டால், கேட்டுவிட்டு "ஏ ஏ ஏ" என்று எட்டு முறை அதட்டியது. சத்தம் கேட்டு வந்த முதலாளிக்கு அந்த அதட்டல் ரொம்பப் பிடித்துப்போய், அதை அப்படியே விட்டுவிடலாமே என்றார். பூட்டுக்காரி வாலை நறுக்கும் நிரலை எழுதி முடித்தாள்.

எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு அவள், தன் மனசில் வைத்திருந்த வாக்கியத்தைப் போட்டாள். அப்பா பேசுறேன் பட்டுக்குட்டி. கரடி வாயே திறக்கவில்லை.

அந்த வாக்கியத்துக்கு ஒரு கதை உண்டு. அவள் கணவன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவன். போனால் மாதக்கணக்கு. கடைசியாகப் போனபோது, மகள் அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று பயந்து, விடியற்காலையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பூனை மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தான். எழுந்த குழந்தை, அப்பாவின் செருப்பு இல்லாததைப் பார்த்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அப்பாவோடு ஒரு வார்த்தை கிடையாது. துறைமுகத்தில் இருந்து அவன் கூப்பிட்டால், ஓடிப்போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். திரைக்குக் கீழே இரண்டு பாதம் மட்டும் தெரியும். அம்மா போனைக் கொண்டு போய் நீட்டினால், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்வாள். கடலின் அந்தக் கோடியில் இவன், "குடுத்துப் பாரேன், ஒரு தடவை" என்று கெஞ்சிக்கொண்டே இருப்பான்.

கரடி அப்பாவின் வாயாகப் பேசினால் பிடிவாதம் இளகும் என்று அவள் நம்பினாள். கம்பெனிக்குக் கரடி விற்க வேண்டும், அவளுக்கு அப்பனையும் மகளையும் பேச வைக்க வேண்டும். அப்படி இருக்க, எத்தனையோ வாக்கியம் பேசுகிற கரடி அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஊமையாகிவிட்டால் எப்படி இருக்கும்? எழுத்து எழுத்தாக விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். இடைவெளிகளையும் சேர்த்து மிகச் சரியாகப் பதினாறு. வரிசை நிறைந்துவிட்டது, காலியே இல்லை, அதனால் அவள் நிரல் எதையும் நிரப்பவில்லை. ஆனால் திறக்கிற நிரலுக்கு அது தெரியாதே? அது பழக்க தோஷத்தில் கடைசிக் கட்டத்தைப் பார்த்திருக்கிறது. அங்கே "டி" என்ற எழுத்தின் எண். அத்தனை வாலை நறுக்கக் கரடியின் உடம்பே போதாது. செய்தியே கோணல் என்று முடிவு கட்டி வாயை மூடிக்கொண்டது.

வரிசை நிறைந்திருந்தாலும் வெறும் வரிசை ஒன்றைக் கூடவே அனுப்பத்தான் வேண்டும், பதினாறு கட்டத்திலும் பதினாறு என்று எழுதி. சும்மா போகிற வரிசைதான், ஆனால் அது போகாவிட்டால் சொன்ன சொல் போய்ச் சேராது. அதை எழுதிச் சேர்த்தாள். கரடி கணீரென்று, "அப்பா பேசுறேன் பட்டுக்குட்டி" என்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாடி பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

அடுத்தது கோக்கிற வேலை. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகப் பூட்டினால் ஒரு வம்பு உண்டு. ஒரே வரிசை இரண்டு தடவை வந்தால், பூட்டிய உருவமும் இரண்டு தடவை ஒன்றாகவே இருக்கும். வெளியே நின்று பார்க்கிறவன், உள்ளே என்ன என்று தெரியாவிட்டாலும், நேற்றுச் சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறான் என்று மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் முதல் வரிசையைப் பூட்டியதும், பூட்டிய அந்த எண்களை இரண்டாவது வரிசையோடு கலந்து, அப்புறம்தான் இரண்டாவதைப் பூட்ட வேண்டும். இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை நாலாவதோடு. திறக்கும்போது அதே எண்களை இன்னொரு தடவை கலந்தால் பழையபடி பிரிந்துவிடும். சங்கிலி அழகாக வந்தது.

ஆனால் முதல் வரிசைக்கு முன்னால் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. அதனால் தொடக்க வரிசை என்று ஒன்றை நாமாகக் கொடுக்க வேண்டும், பூட்டுகிற போனுக்கும் திறக்கிற கரடிக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். பூட்டுக்காரி தாடியிடம், இப்போதைக்கு எதையாவது போட்டுக்கொள், பிறகு பேசி ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்றாள். அவளும் இப்போதைக்குப் பதினாறு பூஜ்யம் போட்டாள். அவன் இப்போதைக்கு விரலுக்கு அகப்பட்ட பதினாறு எண்ணைத் தட்டிவிட்டான். நிரல் எழுதுகிறவர்கள் அகராதியில் இப்போதைக்கு என்றால் ஆயுசுக்கும் என்று பொருள். பேசி ஒன்றாக்குவதை இரண்டு பேரும் சுத்தமாக மறந்தார்கள். கம்பெனி மேசையில் சோதித்தபோது பூட்டியதும் அவள் நிரலே, திறந்ததும் அவள் நிரலே. அதனால் தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. கரடியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

மறுநாள் காலை சமையலறையில் நின்றபடி போனில் தட்டினாள்: எழுந்திருடி வாலு,பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. படுக்கையறையில் கரடி, "சொகூ" என்று ஆரம்பித்து என்னென்னவோ உளறிவிட்டு, "த்துக்கு நேரமாச்சு" என்று முடித்தது. போர்வைக்குள்ளிருந்து கெக்கெக்கே என்று சிரிப்பு வந்தது. பூட்டுக்காரி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே தொலைந்த எழுத்துகளை எண்ணினாள். பதினாறு. புரிந்துவிட்டது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள், இந்தச் சங்கிலியில் முதல் கோணல் முதலோடு சரி. தொடக்க வரிசை மாறிப்போனால் முதல் வரிசை மட்டும் வேறு எண்ணாகும், வேறு எண் என்றால் வேறு எழுத்து, அதனால் வாய் நிறைய உளறல். இரண்டாவதிலிருந்து எல்லாம் சுத்தம். கம்பெனிக்குப் போனதும் அரை மணியில் சரி செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கப்பலில் இருந்து அவன் அனுப்பிய செய்தி வந்தது. அவள் முன்பே சொல்லி வைத்திருந்தபடி அப்பா பேசுறேன் பட்டுக்குட்டி என்று ஆரம்பித்திருந்தான். அந்த வாக்கியம் மிகச் சரியாக ஒரு வரிசை அல்லவா, முழுசாக உளறலில் போய்விட்டது. "ஙேழுடூமி" என்று தொடங்கி ஒரு மூச்சு. அதற்கப்புறம் தெளிவாக, "ராத்திரி என்ன கனவு வந்துச்சு?"

வாலு எழுந்து உட்கார்ந்தாள். கரடியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஆமை பேருந்து ஓட்டிய கனவை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். கதவோரம் நின்ற தாய், ஒரு வார்த்தை விடாமல் அதைப் போனில் தட்டிக் கப்பலுக்கு அனுப்பினாள். அப்பா என்ற சொல் காதில் விழவில்லை, அதனால் குழந்தை காதைப் பொத்தவில்லை. கரடிதான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். இதற்கு மேல் பிழையைத் திருத்த எந்தத் தாய்க்குக் கை வரும்? அரை மணி வேலை அப்படியே கிடந்தது.

கணவன் கேட்டான். பேசுவது அப்பா என்று தெரிந்துதான் கேட்கிறாளா என்றான். அவள், கேட்கிறாள் என்று மட்டும் பதில் போட்டாள். அதுவும் பொய் இல்லை, பாதி உண்மை. இன்ஜின் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன் என்று அவன் எழுதினான். அதைப் படித்ததிலிருந்து அவளுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமைதான். கம்பெனியிலும் வாய் திறக்க முடியாது, கணவனிடமும் முடியாது. இதோ, இன்று காலை சுண்டு விரல் விசாரணை வரைக்கும் இப்படியே ஓடியது.

எத்தனை நாள் ஓட்ட முடியும்? பெரிய கடைக்காரர்கள் கரடியை மொத்தமாக வாங்குவதற்கு முன் பூட்டைச் சோதிக்க ஒரு அம்மாளை அனுப்புகிறார்கள் என்று முதலாளி அன்று வந்து சொன்னார். அந்தச் சோதனைக்காரம்மா மறுநாள் மத்தியானம் வருகிறார். தாடி பதறிப்போய், போனையும் கரடியையும் முதல் தடவையாகச் சேர்த்து வைத்துப் பார்த்தான். கரடி அவன் காதிலும் உளறியது.

"அக்கா, தொடக்க வரிசையை நாம ஒண்ணாக்கவே இல்லியே" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள்.

தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று அவன் கேட்கவில்லை, ஆனால் தாடியைச் சொறிந்துகொண்டு பார்த்த பார்வையில் அது இருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், திரைக்குக் கீழே தெரிகிற பாதங்கள் உட்பட. அவன் கேட்டுவிட்டு, ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் உளறுகிற கரடியை விற்க முடியுமா என்றான். முடியாதுதான். அவனும் தன் பக்கத்தில் பதினாறு பூஜ்யம் போட்டான். சோதித்துப் பார்த்தார்கள், கரடி ஒரு எழுத்து பிசகாமல் பேசியது. அவள் கரடியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகையில், கை கனத்தது.

காலையில் செய்தி வந்தது. கரடி கணீரென்று சொன்னது: "அப்பா பேசுறேன் பட்டுக்குட்டி. இன்னிக்கு வெயிலா, மழையா?"

வாலுவின் கையில் இருந்த ரொட்டி பாதி வழியில் நின்றது. கரடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள், அதன் வாயை முகர்ந்து பார்த்தாள். பிறகு மேசையில் வைத்து, முகம் சுவரைப் பார்க்கும்படித் திருப்பி உட்கார வைத்தாள்.

"இது வேற கரடி" என்றாள்.

பூட்டுக்காரி குனிந்து கரடியின் காதைத் தொட்டுக் காட்டினாள். அதே கரடிதான் என்றும், காது பக்கத்தில் ஜாம் கறைகூட அப்படியே இருக்கிறது பார் என்றும் சமாதானம் சொன்னாள்.

"இல்ல. அப்பா அனுப்பினா ஙேழுடூமின்னு ஆரம்பிக்கும். நீ அனுப்பினா சொகூன்னு ஆரம்பிக்கும். இது ரெண்டும் இல்ல."

தாய் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா அனுப்புகிறார் என்று உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள்.

"முதல்லயே தெரியும். என் விரல்ல அடிபட்டது கரடிக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு அது உன் ஆபீஸ் பைக்குள்ள இருந்துச்சு."

"தெரிஞ்சுதான் பேசினியா?"

"நான் கரடிகிட்டதான் பேசினேன்" என்றாள் வாலு, இதுகூடப் புரியாதா என்ற தோரணையில். "அப்பாமேல எனக்குக் கோபம். சொல்லாம போயிட்டார்ல. இப்ப இது அப்பான்னு சொல்லுது. இனிமே எப்படிப் பேசறது?"

இத்தனை நாள் குழந்தையைத் தான் ஏமாற்றுவதாக நினைத்துப் புழுங்கியவள் அவள். குழந்தையோ அந்த உளறலையும் ஒரு ஜன்னல் திரையாகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் பத்திரமாக நின்று அப்பாவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பெற்றவளே அந்தத் திரையைப் பிடுங்கிவிட்டாள். ரொட்டியின் ஓரம் தட்டிலேயே கிடந்தது.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நடக்கையில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். ஐந்து வயதுக் குழந்தை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே, வெளிச்சத்தத்தை வைத்து இது அப்பா, இது அம்மா என்று பிரித்துவிட்டாள். ஏன்? தொடக்க வரிசை தினமும் அதே. ஆரம்பம் அதே என்றால் உளறலும் அதே. இரண்டு பக்கமும் பூஜ்யம் போட்டு உளறலை நிறுத்தியாகிவிட்டது சரி, ஆனால் வழியில் போகிற பூட்டிய செய்தி இன்னமும் தினமும் ஒரே மாதிரிதானே ஆரம்பிக்கிறது? வாலு காதால் பிடித்ததை வெளியே நிற்கிறவன் எண்ணால் பிடிப்பான். எந்த வம்பை ஒழிக்கச் சங்கிலி கட்டினாளோ, அந்த வம்பை முதல் கண்ணியிலேயே தொங்கவிட்டிருக்கிறாள்.

கம்பெனிக்கு ஓடினாள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதுத் தொடக்க வரிசையைப் போன் குருட்டாம்போக்கில் பொறுக்கிக்கொள்ள வேண்டும், அதைப் பூட்டாமலே செய்திக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும், கரடி அதை எடுத்துக்கொண்டு திறக்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் பாதகமில்லை, அதே வரிசை திரும்ப வரக் கூடாது, அவ்வளவுதான். தாடி அவன் பக்கத்தை எழுதினான், அவள் தன் பக்கத்தை எழுதினாள். இந்தத் தடவை இப்போதைக்கு என்ற வார்த்தையை இரண்டு பேரும் வாயில் எடுக்கவில்லை.

மத்தியானம் வந்த சோதனைக்காரம்மா சிரிக்கத் தெரியாதவர். கம்பெனியில் இருந்த இன்னொரு கரடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரே செய்தியை அடுத்தடுத்து இரண்டு தடவை அனுப்பச் சொல்லி, வழியில் போனதை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிறகு மிகச் சரியாக ஒரு வரிசை நிறைகிற செய்தி ஏதாவது கைவசம் இருக்கிறதா என்று கேட்டார். பூட்டுக்காரிக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகத் தெரியும், அதைத் தட்டினாள். கரடி சொன்னதும் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். தாடி இரண்டு எடுத்துக்கொண்டான். அவள் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டில் கரடி இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது. கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தது போலிருக்கிறது, அவனிடமிருந்து அழைப்பே வந்துவிட்டது. மணி அடித்ததும் வாலு திரைக்குப் பின்னால் ஓடினாள். திரைக்குக் கீழே இரண்டு பாதம்.

அவன் குரலில் உற்சாகம் பொங்கியது. இப்போதெல்லாம்தான் மகள் ராசியாகிவிட்டாளே, போனைக் கொடு, நேராகவே பேசுகிறேன் என்றான். இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அவள் சோபாவில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். நீங்க அப்பா பேசுறேன்னு அனுப்பினது எதுவும் அவ காதுல விழவே இல்ல. என் தப்பு. அந்த இடத்துல கரடி உளறுச்சு. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒழுங்கா சொல்லுச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா."

தூரத்தில் ஏதோ ஒரு படகின் மணி மட்டும் கேட்டது. அவன் ஏதாவது திட்டினால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவன் கடைசியில், பரவாயில்லை, ரொட்டி ஓரம் சாப்பிட்டாளே, அது போதும் என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்த கையை யாரோ இழுத்தார்கள். திரைக்குக் கீழே பாதங்கள் இல்லை. வாலு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அக்குளில் கரடியை இடுக்கிக்கொண்டு. போனைப் பிடுங்கி, இரண்டு கையாலும் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெரிய மூச்சு இழுத்தாள்.

"ஙேழுடூமிகௌணோரிபூஞாளெவைசீதொழாநுகோ" என்றாள். பதினாறு எழுத்து, ஒன்று பிசகவில்லை. நின்று, எச்சில் விழுங்கிவிட்டு மேலே சொன்னாள்.

"நான் தூங்கும்போது போகாத அப்பா. எழுப்பிட்டுப் போ. அழுவேன். அழுதா அழுதுட்டுப் போறேன், நீ எழுப்பு."

முதல் வரிசை அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. அது என்ன என்று பிறகு மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். மிச்சத்தை விளக்க யாரும் தேவைப்படவில்லை. "எழுப்புறேன்டா" என்று சொல்ல ஆரம்பித்தவனுக்குக் குரல் உடைந்து, அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வாலு போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு, அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.